மதுரை சுற்றிப் பார்க்கப் போனை நம்பி வருகிறவர்களுக்கு

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து சித்தப்பா குடும்பம் மீனாட்சியம்மன் கோயிலுக்கு வந்தது. மேப், பணம், ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுவது, எல்லாம் போனில்தான். வாசலில் போனை ஒப்படைத்துவிட்டு உள்ளே போனவர்கள், வேறு கோபுர வாசல் வழியாக வெளியே வந்துவிட்டார்கள். மத்தியான வெயிலில் வெறுங்காலோடு சித்திரை வீதியில் அரைச் சுற்று. சித்திக்கு உள்ளங்கால் இரண்டு நாள் எரிந்தது. உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம்.

1. முதல் நாள் ராத்திரி, வீட்டு வைஃபையில்

கூகுள் மேப்ஸில் வலது மேல் மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டு, ஆஃப்லைன் மேப்ஸ் என்பதற்குள் போங்கள். மதுரையோடு கீழடியும் கட்டத்துக்குள் வரும்படி இழுத்து இறக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் போனாலும் காரில் போக வழி காட்டும், நடைவழி காட்டாது. ஆனால் நீங்கள் நிற்கும் இடத்தின் நீலப்புள்ளி தெரியும், அது போதும்.

2. கூட்டம் பார்ப்பது

இடத்தின் பெயரைத் தட்டினால் கீழே எந்த மணிக்கு எவ்வளவு கூட்டம் என்று காட்டும் பட்டைப் படம் வரும். இருப்பிடத்தைப் பகிரச் சம்மதித்தவர்களின் போன்களை வைத்துக் கணக்கிடுவது அது. சாதாரண நாளுக்குச் சரி. சித்திரைத் திருவிழாவுக்கு அதைப் பார்த்துக் கிளம்பினால் உங்கள் பாடு!

3. கோயில் வாசல்

2018 தீ விபத்துக்குப் பிறகு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் உள்ளே செல்போனுக்குத் தடை. அதனால் போனைக் கொடுப்பதற்கு முன்பே மூன்று வேலைகளை முடியுங்கள். வண்டி நிற்கும் இடத்தில் நீலப்புள்ளியைத் தட்டி பார்க்கிங்கைச் சேமியுங்கள். எந்தக் கோபுர வாசலில் செருப்பும் போனும் வைத்தீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, டோக்கனோடு சட்டைப் பைக்குள் வையுங்கள். உள்ளே ஜிபே கிடையாது, அர்ச்சனைக்கும் உண்டியலுக்கும் சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பிரிந்துபோனால் பொற்றாமரைக் குளத்தின் தெற்குப் படியில் சந்திப்பது என்று பேசிவைத்துவிடுங்கள். போன் வருவதற்கு முன்னால் எல்லாரும் அப்படித்தானே கோயிலுக்குப் போய்வந்தோம்?

4. கடையில் க்யூஆர்

ஜிகர்தண்டா குடித்துவிட்டு ஸ்கேன் செய்தால், தொகையை அடிப்பதற்கு முன் திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் சொல்லிக் கேளுங்கள். அட்டைமேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் காசாகக் கொடுத்துவிடுங்கள்.

5. சமணர் மலை

மலையடிவாரத்துக் கீழக்குயில்குடியில் அறிவிப்புப் பலகையை கூகுள் லென்ஸ் நன்றாகவே படித்து மொழிபெயர்த்தது. மேலே பேச்சிப்பள்ளத்தில், சமண தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் இருக்கும் கல்வெட்டில் காட்டினேன், ஏதேதோ உளறியது. ஆனால் அதே போனின் டார்ச்சைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், வெட்டின் பள்ளங்களில் நிழல் விழுந்து ஒவ்வொரு எழுத்தாக எழும்பிவரும். சாயங்காலம் வெயில் சாயும்போது டார்ச்கூட வேண்டாம். எழுத்து தெரியவில்லை என்று அதன்மேல் சாக்பீஸை மட்டும் தேய்த்துவிடாதீர்கள்.