மழைக்கு முன் ஸ்லட்ஜைக் கழியுங்கள்: சிறிய எஸ்.டி.பி.யில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடலோரச் சிறு நகரங்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு (எஸ்.டி.பி.) புதிதாக வரும் தம்பிகள், ஒரு காலத்தில் நாங்கள் செய்த பிழைகளையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். சல்லடையில் குப்பை அள்ள மறப்பது, லாக் புக் எழுதாமல் விடுவது போன்றவற்றை மேலே இருப்பவர்களே கண்டுபிடித்துத் திருத்திவிடுவார்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

ஸ்லட்ஜைக் கழிக்காமல் சேர்த்து வைப்பது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவழைப்பது இதுதான். ஸ்லட்ஜ் என்பது பாக்டீரியா நிறைந்த சேறு; பாக்டீரியா கூடக்கூடச் சுத்தம் கூடும் என்று நினைக்கிறார்கள். கழிவைத் தின்று அது தினமும் பெருகுகிறது. பெருகுவதை அவ்வப்போது வெளியே எடுத்தாக வேண்டும். எம்.எல்.எஸ்.எஸ். (டேங்க் நீரில் மிதக்கும் ஸ்லட்ஜின் அளவு) லிட்டருக்கு 3,000 மில்லிகிராமில் இருக்க வேண்டிய டேங்க் 6,000-க்குப் போனால் காற்று ஊதும் புளோயர் திணறும், ஸ்லட்ஜ் படியும் தொட்டியான கிளாரிஃபையரில் ஸ்லட்ஜ் மட்டம் விளிம்பை நோக்கி ஏறும். கோடையில் வரத்து குறைவு என்பதால் வெளியேறும் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அதில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

ஒரு நிலையத்தில் ஒரு லிட்டர் சிலிண்டரில் அரை மணி நேரம் படிய வைத்த ஸ்லட்ஜ் 900 மில்லிலிட்டரில் நின்றது. "நல்லா கெட்டியா இருக்கு சார்" என்றார் ஆபரேட்டர். பாதிக்குப் பாதி தெளிந்த நீர் கலந்து மறுபடி வைக்கச் சொன்னேன். 300-க்கு இறங்கியது. நூல் போன்ற நார்ப் பாக்டீரியா பெருகி ஸ்லட்ஜ் உப்பியிருந்தால் இந்த அளவுக்கு இறங்கியிருக்காது. ஆக, ஸ்லட்ஜ் அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தது. ஏன் கழிக்கவில்லை என்றால், கழித்த ஸ்லட்ஜைக் காயவைக்கும் உலர் படுகைகள் எல்லாம் நிரம்பிக் கிடந்தன, சுரண்டி எடுக்க ஆள் கிடைக்கவில்லை, மழை முடியட்டும் என்று விட்டிருந்தார்கள். மழையில் எந்தப் படுகை காயும்?

ஐப்பசி மழை இறங்கியது. மேன்ஹோல் வழியாக மழைநீரும் சேர்ந்துகொள்ள, கிளாரிஃபையரில் கிடந்தது அத்தனையும் கிளம்பி, விளிம்பைத் தாண்டிப் பழுப்பாக ஓடியது. பல மாதம் வளர்த்தது ஒரே இரவில் வாய்க்காலுக்குப் போய்விட்டது. அப்புறம் பாக்டீரியா மறுபடி தேறுவதற்கு வாரக்கணக்காகும். அதுவரை அரைகுறைத் தண்ணீர்தான் வெளியே போகும்.

இங்கே வைகை ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை. வருகிற தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் தங்கி, மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் பாக் விரிகுடாவைச் சேரும். நம் நிலையம் விடும் நீரை நீர்க்கச் செய்ய, பெரும்பாலான மாதங்களில் வாய்க்காலில் வேறு தண்ணீரே கிடையாது. வெள்ளத்தோடு கடலுக்குப் போகும் ஸ்லட்ஜ் கடற்புல்லின் மேல் படிந்தால் வெயில் படாமல் புல் அழுகும். ஆவுளியா என்ற கடற்பசு மேய்வது அந்தப் புல்லைத்தான்.

ஆவணி, புரட்டாசிக்குள் படுகைகளைச் சுரண்டிக் காலி செய்யுங்கள். ஸ்லட்ஜை தினமும் கொஞ்சமாகக் கழியுங்கள். ஒரே நாளில் அள்ளினால் டேங்கில் வெள்ளை நுரை பொங்கும்.

மிதக்கும் ஸ்லட்ஜைப் பார்த்ததும் குளோரின் கொட்டுவது

முதலில் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். குமிழி விட்டு மறுபடி அமிழ்ந்தால் அது நைட்ரஜன் வாயு. கிளாரிஃபையரில் ஸ்லட்ஜ் நேரம் கடந்து தங்குகிறது என்று அர்த்தம். ஸ்லட்ஜை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பைக் கூட்டினால் சரியாகும்.

மின்கட்டணத்துக்காக இரவில் புளோயரை நிறுத்துவது

கூடாது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் நிற்கட்டும்.

கழிவுநீர்க் கிணற்றுக்குள் இறங்குவது

எந்த அவசரத்துக்கும் இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கூடினால் மூக்கு மரத்துவிடும்; நாற்றம் இல்லையே என்று நம்பித்தான் இறங்கி உயிரை விட்டிருக்கிறார்கள்.

குளோரைடு பார்க்காமல் சி.ஓ.டி.யை நம்புவது

சி.ஓ.டி. என்பது நீரிலுள்ள கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு. கடலோரக் குழாய்களில் ஓதத்தின்போது உப்புநீர் கசிந்து உள்ளே வரும். அந்த உப்பிலுள்ள குளோரைடும் சோதனையில் சேர்க்கும் டைக்குரோமேட்டைத் தின்று சி.ஓ.டி.யை உயர்த்திக் காட்டும். எண் திடீரென்று ஏறினால் டேங்கைக் குறை சொல்லுமுன் குளோரைடைச் சோதித்து, அதற்கேற்பக் குளோரைடைக் கட்டிவைக்கும் மெர்க்குரிக் சல்பேட் சேர்த்து மறுபடி பாருங்கள். அப்புறம் எந்தக் குழாயில் கசிகிறது என்று தேடுங்கள்.