மொறுமொறு பக்லாவா: முதல் முறை செய்பவர்களுக்கு

மெல்லிய மாவு அடுக்குகளுக்கு நடுவே பிஸ்தாவோ வால்நட்டோ வைத்துச் சுட்டு, பாகு ஊற்றிச் செய்யும் இனிப்புதான் பக்லாவா. அதை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு "ரொம்பத் திகட்டுது" என்று தட்டைத் தள்ளி வைப்பவர்கள் நிறையப் பேர். நல்ல பக்லாவா அப்படித் திகட்டாது. முள்கரண்டி இறங்கும்போது மேலடுக்கு நொறுங்கும் சத்தம் கேட்க வேண்டும். பாகு அடிப்பக்கம்தான் ஊறியிருக்க வேண்டும். தென்கிழக்குத் துருக்கியில் உள்ள காஸியான்டெப்பில் அந்தச் சத்தத்தை வைத்தே தரம் சொல்லிவிடுவார்கள். அந்த ஊர்ப் பக்லாவாவுக்கு 2013-ல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு கொடுத்தது. துருக்கியிலிருந்து அந்த அங்கீகாரம் பெற்ற முதல் பொருள் அதுதான்.

அங்கே மாவை ஸ்டார்ச் தூவித் தூவி, மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லியதாகத் தேய்ப்பார்கள். அது பல வருடப் பயிற்சியில் வருவது. நமக்கு சூப்பர் மார்க்கெட்டில் உறைநிலையில் கிடைக்கும் ஃபிலோ ஷீட், அதாவது காகிதம் போல மெல்லிய மாவுத்தாள், போதும். சமோசா பட்டி தடிமனானது, அதில் இந்த அடுக்கு வராது.

450 கிராம் ஃபிலோ ஷீட், உப்பு போடாத பிஸ்தா 300 கிராம், நெய் 225 கிராம், சர்க்கரை 400 கிராம், தண்ணீர் 300 மில்லி, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. 9க்கு 13 அங்குல பேக்கிங் தட்டு ஒன்று. இவ்வளவுதான். பிஸ்தா விலை கட்டுப்படியாகாவிட்டால் வால்நட் போடுங்கள். துருக்கியிலேயே பல ஊர்களில் வால்நட்தான். கிரேக்கத்தில் வால்நட்டோடு பட்டையும் சேரும். ஈரானில் ஏலக்காயும் ரோஜாப் பன்னீரும் மணக்கும்.

முந்தின நாள் இரவே ஃபிலோ பாக்கெட்டை ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். அவசரப்பட்டு வெளியே வைத்து இளக்கினால் ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

முதலில் பாகு. சர்க்கரையும் தண்ணீரும் கொதித்ததும் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். குலாப் ஜாமூனுக்கு வைப்பது போலப் பிசுபிசுப்பு வந்தால் போதும், கம்பிப் பதம் வேண்டாம். இறக்கும் முன் எலுமிச்சைச் சாறு விடுங்கள். பாகு பூத்துப் போகாமல் அது பார்த்துக்கொள்ளும். இந்தப் பாகு முழுசாக ஆற வேண்டும், அதனால்தான் இதை முதலில் செய்துவிடுகிறோம்.

பிஸ்தாவை மிக்ஸியில் விட்டு விட்டு அடியுங்கள். ரவையைவிடப் பெரிய குருணையாக இருக்கட்டும். தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். வறுக்க வேண்டாம், ஓவன் சூட்டிலேயே வெந்துவிடும்.

நெய் விஷயத்தில் நமக்குப் பெரிய அனுகூலம் இருக்கிறது. பல ஆங்கிலக் குறிப்புகளில் வெண்ணெயை உருக்கி ஊற்றச் சொல்வார்கள். வெண்ணெயில் சுமார் 16 சதவீதம் தண்ணீர். அந்த ஈரம் ஷீட்டை நமுக்கச் செய்யும், பால்கசடு மேலே கருகிப் புள்ளி புள்ளியாக நிற்கும். காஸியான்டெப்பிலும் ஆடு, செம்மறிப் பாலில் எடுத்த நெய்தான் ஊற்றுகிறார்கள். நம் வீட்டு நெய் அப்படியே பொருந்தும்.

இப்போது அடுக்கலாம். ஃபிலோவைத் தட்டின் அளவுக்கு வெட்டி, பிழிந்த ஈரத்துணியால் மூடி வையுங்கள். இரண்டு நிமிடம் காற்றுப் பட்டாலே ஓரம் காய்ந்து, தொட்டதும் உடையும். தட்டில் நெய் தடவி ஒவ்வொரு ஷீட்டாகப் பரப்புங்கள். இரண்டு ஷீட்டுக்கு ஒருமுறை பிரஷ்ஷால் நெய் தொட்டுத் தெளித்தால் போதும். அழுத்தித் தேய்த்தால் அடுக்குகள் அமுங்கிவிடும். நடுவில் ஒன்றிரண்டு கிழிந்தால் கவலை வேண்டாம், மேலே வரும் ஷீட் மறைத்துவிடும். நல்ல முழு ஷீட்டுகளைக் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள். பாதி ஷீட் ஆனதும் பிஸ்தாவைச் சீராகப் பரப்பி, மீதியை அதே மாதிரி மேலே அடுக்குங்கள்.

ஓவனில் வைக்கும் முன்பே வெட்டிவிட வேண்டும். வெந்த பிறகு கத்தி வைத்தால் மேலடுக்கு தூள் தூளாகும். கூரான கத்தியால் அடி வரைக்கும் இறக்கி, டைமண்ட் வடிவிலோ சதுரமாகவோ வெட்டுங்கள். துருக்கியை ஆண்ட ஒட்டோமான் சுல்தான்களின் காலத்திலிருந்தே இது தட்டோடு பங்கு வைக்கிற பலகாரம். அந்நாளில் ரமலான் 15-ஆம் நாள் சுல்தானின் சமையல்கூடத்திலிருந்து அவருடைய காலாட்படையான ஜானிசரி வீரர்களுக்குத் தட்டுத் தட்டாகப் பக்லாவா போனது. வெட்டியதும், மிச்ச நெய்யைச் சூடாக்கி எல்லாக் கோட்டிலும் படும்படி ஊற்றுங்கள்.

ஓவனை முன்னதாகவே 175 டிகிரிக்குச் சூடாக்கி, 40 முதல் 45 நிமிடம் வேகவிடுங்கள். மேலே பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடத் தோன்றும். பொறுங்கள். ஓரத்துத் துண்டு ஒன்றை லேசாகத் தூக்கிப் பாருங்கள். அடி வெளுத்திருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் தேவை.

வெளியே எடுத்த உடனே, ஆறிய பாகைக் கோடுகளின் வழியே கரண்டி கரண்டியாக ஊற்றுங்கள். சுர்ரென்று சத்தம் வரும். இரண்டும் சூடாக இருந்தால் வீட்டில் பெரும்பாலும் நமுத்துப் போகிறது; தட்டு சூடு, பாகு ஆறியது என்ற கணக்கே முதல் முறைக்குப் பத்திரம்.

அப்புறம் மூடி போடாமல் நாலைந்து மணி நேரம் விட்டுவிடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி இறங்கி எல்லா உழைப்பும் வீணாகும். ஃப்ரிட்ஜில் வைத்தால் நெய் உறைந்து வாயில் ஒட்டும். வெளியிலேயே, லேசாக மூடி வைத்து, மூன்று நான்கு நாளுக்குள் சாப்பிட்டு முடியுங்கள்.