நுங்கு வண்டி செய்வது எப்படி? தின்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம்

முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே எங்களை ஆச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். திருச்செந்தூர்ப் பக்கம், தேரிக்காட்டை ஒட்டிய ஊர். விளையாட்டுச் சாமான் என்று காசு கொடுத்து வாங்கிய எதுவும் அந்த வீட்டில் கிடையாது. தாத்தா காலையில் பனங்காய்க் குலையைத் தோளில் சுமந்து வந்து திண்ணையோரம் போடுவார். வெயில் ஏறுவதற்குள் அத்தனையையும் தின்று தீர்த்துவிடுவோம். அப்புறம் தெருவில் ஏழெட்டு நுங்கு வண்டிகள் ஓடும். தின்று முடித்த காய்க் கூடு இரண்டை ஒரு குச்சியின் இரு முனையிலும் சக்கரமாகச் செருகி, முனை இரண்டாகப் பிரிந்த கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுவதுதான் நுங்கு வண்டி. அந்தக் கோடையின் பெரிய கொண்டாட்டமே எங்களுக்கு அதுதான்.

போன சித்திரையில் என் மகளுக்கு ஒன்று செய்து கொடுத்தேன். அவளுக்குச் சொல்லிக் கொடுத்த வரிசையிலேயே இங்கேயும் எழுதுகிறேன். இதுவரை நுங்கு வண்டியைப் பார்த்தே இராதவர்களும் ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம்.

1. காய் வாங்குவது

ஒரே அளவில் இரண்டு காய் வேண்டும். இந்த ‘ஒரே அளவு’ மிக முக்கியம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நகரத்தில் சாலையோரம் விற்பவர்கள் காயை நாலாபக்கமும் வெட்டி, சுளையை மட்டும் எடுத்துத் தருவார்கள். அந்தக் கூடு வண்டிக்கு ஆகாது. “அண்ணே, மேல் பக்கம் மட்டும் சீவி, காயாவே குடுங்க” என்று கேளுங்கள். பிள்ளைக்கு வண்டி செய்யத்தான் என்று காரணத்தையும் சொல்லுங்கள். நான் கேட்டபோது அந்த அண்ணன் கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, குலை முழுக்கப் புரட்டிப் பார்த்து ஜோடி சேர்த்துக் கொடுத்தார். அரிவாள் வேலை இத்தோடு முடிந்தது. வீட்டில் யாரும் அதைத் தொட வேண்டாம்.

சீவிய முகத்தில் மூன்று கண், அதாவது சுளை இருக்கும் குழி, தெரியும் காய்தான் சரி. இரண்டு கண் உள்ளது கொஞ்சம் தட்டையாக இருக்கும், உருளும்போது குதிக்கும். ரொம்ப முற்றியதை, கடுக்காய் என்பார்களே, அதையும் விட்டுவிடுங்கள். தின்னவும் நன்றாக இராது, துளை போடவும் கை வலிக்கும்.

நுங்கு பெண் பனையில்தான் காய்க்கும். அதிலும் பாளையைச் சீவிப் பதநீர் இறக்கிவிட்டால் அந்தப் பாளையில் காய் கிடையாது. பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மரம் நின்றால்தான் இந்த விளையாட்டும் நிற்கும் என்பதால், அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

2. தின்பது

இதுவும் செய்முறையில் சேர்த்திதான். கரண்டி வேண்டாம், கத்தியும் வேண்டாம். கூடு கிழியாமல் சுளையை எடுக்கக் கட்டைவிரலைப் போல வேறு கருவி இல்லை.

காயை இடது கையில் நிமிர்த்திப் பிடியுங்கள். வலது கட்டைவிரலைக் கண்ணின் நட்ட நடுவில் குத்தினால் உள்ளிருக்கும் நீர் பீய்ச்சி முகத்தில் அடிக்கும். அதனால் ஓரமாக, மெதுவாக அழுத்துங்கள். மெல்லிய ஏடு விட்டுக் கொடுப்பது விரலுக்கே தெரியும். உடனே வாயை வைத்து அந்த நீரை உறிஞ்சிவிட வேண்டும். லேசான இனிப்பு, மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சி. பிறகு விரலைச் சுற்றிலும் ஓட்டி வழித்தால் சுளை வழுக்கிக்கொண்டு வரும். ஒட்டியிருக்கும் துவர்ப்புத் தோலையும் சேர்த்துத் தின்னச் சொல்வார் ஆச்சி. வயிற்றுக்கு நல்லதாம்.

மூன்று கண்ணும் காலியானதும் கூட்டைக் கவிழ்த்து நீரை வடித்துவிடுங்கள். சீவிய பக்கம் சீக்கிரமே பழுப்பேறும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. துணியில் கறை பிடிக்கும் என்பதால் பிள்ளைகளுக்குப் பழைய சட்டையைப் போட்டுவிடுங்கள்.

3. துளை

கூட்டைக் கவிழ்த்து வையுங்கள். சீவிய முகம் கீழே, உருண்டை அடி மேலே. அந்த அடியின் மையத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகித் திருகி இறக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் கூடு பிளந்துவிடும்.

துளை மறுபக்கம் வெளியே வரும் இடத்தில்தான் சூட்சுமம். மூன்று கண்ணுக்கும் நடுவே சதை ஒன்றுகூடும் இடம் ஒன்று இருக்கிறது, அங்கேதான் வர வேண்டும். அங்கே மட்டும்தான் அச்சைக் கவ்விப் பிடிக்கும் கெட்டி உண்டு. விலகிக் கண்ணுக்குள் போய்விட்டால் சக்கரம் தள்ளாடும். “கண்ணுல குத்தாதல, நடுவுல குத்து” என்று தாத்தா எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார்! பாதி துளைத்ததும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துளை உங்கள் குச்சியைவிடக் கொஞ்சம் சிறிதாகவே இருக்கட்டும்.

4. அச்சு

கட்டைவிரல் தடிமனில், ஒன்றரை அடி நீளத்தில், நேரான ஒரு குச்சி. வேம்பு போதும். முருங்கை வேண்டாம், படக்கென்று ஒடியும். இரண்டு முனையையும் லேசாகக் கூராக்குங்கள்.

குச்சியின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை உரித்து, கொஞ்சம் பள்ளமாகச் செதுக்கிக்கொள்ளுங்கள். தள்ளுகிற கவட்டை இந்தப் பள்ளத்தில்தான் உட்காரும். பள்ளம் இல்லாவிட்டால் கவட்டை பக்கவாட்டில் நழுவிச் சக்கரத்தில் போய் இடிக்கும்.

இனி கூட்டின் உருண்டைப் பக்கம் வழியாக அச்சைச் செருகுங்கள். சீவிய முகங்கள் இரண்டும் வெளியே பார்க்கட்டும். வண்டி ஓடும்போது மூன்று கண்ணும் சுழல்வதைப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். சக்கரங்களுக்கு இடையே ஒரு சாண் விடுங்கள். வெளிப்பக்கம் முனை இரண்டு விரல் நீட்டிக்கொண்டிருக்கட்டும். சக்கரமும் அச்சும் சேர்ந்தே சுழல வேண்டும், அதனால் பிடி இறுக்கமாக இருப்பது அவசியம்.

5. கவட்டைக் குச்சி

பிள்ளையின் தோள் உயரத்துக்கு, முனையில் கவட்டையாகப் பிரிகிற கம்பு. கொய்யாக் கிளையில் நல்ல கவட்டை கிடைக்கும். இரண்டு கிளையையும் நாலு விரல் நீளத்துக்கு விட்டு வெட்டிவிடுங்கள். கவட்டைக்குள் அச்சு தாராளமாகச் சுழல வேண்டும்; உரசும் இடத்தில் பட்டையை உரித்து இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுங்கள். மாடிக் குடியிருப்பில் மரக்கிளைக்கு எங்கே போவது என்றால், பழைய துடைப்பக் கம்பின் முனையில் தடித்த கம்பியைக் கவட்டை மாதிரி வளைத்துக் கட்டினாலும் போதும்.

6. ஓட்டுவது

வண்டியைத் தரையில் வைத்து, கவட்டையை அச்சின் பள்ளத்தில் பின்னாலிருந்து பொருத்தி, கம்பைச் சாய்த்துப் பிடித்துத் தள்ள வேண்டும். ரொம்ப அழுத்தினால் அச்சு இறுகி நிற்கும். முதலில் நடை, பழகியதும் ஓட்டம். திருப்ப வேண்டுமானால் கையைத் திருப்பினால் போதாது, நாமும் சேர்ந்து திரும்ப வேண்டும்.

நேராகத் தள்ளியும் வண்டி ஒரே பக்கம் இழுக்கிறதா? அந்தப் பக்கத்துக் காய் சிறியது. ஒரு சுற்றுக்குப் பெரிய சக்கரம் அதிக தூரம் போகும், சிறியது பின்தங்கும், அதனால் வண்டி சிறியதன் பக்கமே வளையும். அளவு விஷயத்தில் அவ்வளவு அழுத்திச் சொன்னது இதற்காகத்தான். பந்தயத்தில் என் தம்பியின் வண்டி ஒவ்வொரு தடவையும் கிணற்றடிப் பக்கமே போகும். அவன் அழுவான். கடைசியில் தாத்தா இரண்டு காயையும் கயிற்றால் சுற்றி அளந்து ஜோடி போட்டுக் கொடுத்த பிறகுதான் நேராக ஓடியது. அன்று சாயங்காலம் வரை அவன் சோறு தின்னக்கூட உள்ளே வரவில்லை.

மண் தரையில் ஓட்டம் அருமையாக இருக்கும். சிமெண்டில் சத்தம் அதிகம், கூடும் சீக்கிரம் தேயும். வெயில் தாழ்ந்த பிறகு, நாலரை மணிக்கு மேல் வெளியே விடுங்கள்.

மறுநாள் கூடு காய்ந்து சுருங்க ஆரம்பிக்கும், துளை தளர்ந்து சக்கரம் ஆடும். அச்சில் துணிக் கிழிசலைச் சுற்றியோ, சிறிய ஆப்பு ஒன்றைச் செருகியோ இன்னும் ஒரு நாள் ஓட்டலாம். அதற்கு மேல் ஓட்டினால் வழியிலேயே கழன்றுவிடும். அச்சையும் கவட்டையையும் கழற்றிப் பத்திரமாக வையுங்கள், அடுத்த ஜோடிக்கு அவையே உதவும். கூட்டை ஆச்சி வீட்டில் அரிவாள்மனையில் துண்டு துண்டாக நறுக்கி மாட்டுக்குப் போட்டுவிடுவோம். பக்கத்தில் மாடோ ஆடோ இருந்தால் நீங்களும் கொடுங்கள். கூடு ஈரமாக இருக்கும்போதே கொடுத்தால் விரும்பித் தின்னும்.