கொரிய எழுத்துக்கு அடியில் ஆங்கிலம் எழுதாதீர்கள்

கொரிய எழுத்தான ஹங்குலைப் புதிதாகக் கற்பவர்களுடன் உட்காரும்போதெல்லாம், நாங்கள் கற்ற காலத்துத் தவறுகளே திரும்ப வருகின்றன. உயிரெழுத்தின் சிறு கோடு வலப்பக்கமா இடப்பக்கமா என்ற தடுமாற்றத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. அது போகப் போகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஆங்கில எழுத்தின் வழியாகக் கற்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். முதல் வகுப்பிலேயே ஓர் அட்டவணையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்: இந்தப் பக்கம் கொரிய எழுத்து, அந்தப் பக்கம் ஆங்கில எழுத்து. என்னிடம் வந்த ஒரு மாணவி, பாடப்புத்தகத்தின் ஒவ்வொரு வரிக்கு அடியிலும் பென்சிலால் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார். பாடத்தை மளமளவென்று வாசித்தார். ஓர் உணவகத்தின் விலைப்பட்டியலை நீட்டினேன். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டார். மாதக்கணக்கில் அவர் கண் படித்தது பென்சில் வரியை மட்டுந்தான்.

உச்சரிப்பும் கெடுகிறது. படுக்கைக் கோடாக மட்டும் இருக்கும் உயிரெழுத்தை ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகளால் எழுதுவார்கள். அதைப் பார்த்து 'யூ' என்று படிப்பார்கள். ஆனால் தமிழருக்கு அந்த ஒலி நாக்கிலேயே இருக்கிறது. 'காசு', 'பாட்டு' என்று முடிக்கும்போது உதடு குவியாமல் வருகிறதே குற்றியலுகரம், ஏறத்தாழ அதுதான்.

மெய்யெழுத்திலும் இதே கதைதான். 'பாபநாசம்' என்பதில் முதல் 'ப' வேறு, இரண்டாவது 'ப' வேறு. ஆனால் எழுத்து ஒன்று, நாம் குழம்புவதில்லை. கொரியத்திலும் அப்படியே: கணவன் மனைவியைச் சேர்த்துக் குறிக்கும் 'புபு' என்ற சொல்லில் எழுத்து ஒன்றுதான், இரண்டாவது இடத்தில் மெலிந்து ஒலிக்கும். ஆங்கில அட்டவணையோ எது எங்கே என்று மனப்பாடம் செய்ய வைக்கிறது. 2000-இல் தென்கொரியா, கொரியச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதும் முறையை மாற்றியபோது புசான் நகரின் முதல் ஆங்கில எழுத்தே மாறிப்போனது. கொரிய எழுத்து அப்படியேதான் இருக்கிறது.

சரி, தமிழில் எழுதிக்கொள்ளலாமா? அதுவும் வேண்டாம். நிலா, முகமூடி, மகள் ஆகியவற்றுக்கான சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் 'தல்' ஆகிவிடும். கொரியருக்கு அவை மூன்று தனித்தனி மெய்கள்: இயல்பானது, மூச்சோடு வருவது, தொண்டையை இறுக்கிச் சொல்வது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொல்லிப் பாருங்கள். முகமூடியில் காற்று நன்றாகப் படும், மகளில் அநேகமாகப் படாது. அந்த ஒலியைக் காதால் பிடித்து நேரே கொரிய எழுத்தோடு சேருங்கள்.

வடிவத்தின் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்வது

மன்னர் சேஜோங் 1443-இல் உருவாக்கி, 1446-இல் வெளியிட்ட எழுத்து இது. கதவுச் சட்டத்தைப் பார்த்து வரைந்தார் என்றெல்லாம் கதை உண்டு. எழுத்தை வெளியிட்ட காலத்து விளக்க நூல் ஒன்று 1940-இல் கொரியாவின் ஆண்டோங் ஊரில் கிடைத்தது. அது வேறு சொல்கிறது. 'க' என்பது நாவின் அடி தொண்டையை அடைக்கும் வடிவம், 'ந' நுனிநாக்கு மேலே தொடும் வடிவம், 'ம' வாய், 'ச' பல், வட்டம் தொண்டை. 'ந'வுக்கு மேலே ஒரு கோடு போட்டால் 'த'. நடுவில் இன்னொன்று சேர்த்தால் மூச்சோடு வரும் 'த'. முதலில் சொன்ன ஐந்து வடிவங்களும் பிடிபட்டால் மற்ற மெய்களில் பெரும்பாலானவை கோடு கூட்டும் வேலைதான்.

காதில் விழுந்தபடி எழுதுவது

பகல், அரிவாள், முகம் ஆகியவற்றுக்கான கொரியச் சொற்கள் தனியே நின்றால் மூன்றும் 'நத்' என்றே ஒலிக்கும். கொரியத்தில் ஓர் அசையின் எழுத்துகளை ஒரே கட்டமாக அடுக்கி எழுதுவார்கள்; அதன் அடியில் வரும் கடைசி மெய் மூன்றுக்கும் வேறு. பின்னால் உயிர் வந்தால்தான் வித்தியாசம் கேட்கும்.

கோட்டு வரிசை

கோடுகளை இஷ்டப்படி போடாதீர்கள்: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம்.

தமிழிலிருந்து போன எழுத்து என்று சொல்வது

இல்லை. அப்பா, அம்மா போன்ற சொற்கள் இரு மொழியிலும் ஒத்துப்போவது பேச்சு சம்பந்தப்பட்டது. எழுத்தை யார், எப்படி அமைத்தார்கள் என்பதற்கு அந்தக் காலத்து நூலே இருக்கிறது.

வரலாற்றை 1446-இல் முடித்துவிடுவது

1444-இலேயே சொய் மல்லி முதலான அறிஞர்கள் எதிர்த்து மனு கொடுத்தார்கள். 1504-இல் மன்னர் யொன்சான்குன் தடை விதித்தார். அரசு ஆவணங்களுக்கு உரிய எழுத்தானது 1894-இல்தான். 'ஹங்குல்' என்ற பெயர் 20-ஆம் நூற்றாண்டில் வந்தது. தொடக்கத்தில் 28 எழுத்துகள், இன்று 24. பழைய பிரதிகளில் வெறும் புள்ளியாக ஓர் உயிரெழுத்தைப் பார்த்தால் அச்சுப்பிழை என்று ஒதுக்காதீர்கள். வழக்கொழிந்த நான்கில் அது ஒன்று.