மக்லாஃப்லினின் மேடை வாசிப்புகளை எண்பது நிமிடத் தொகுப்பாகக் கோர்ப்பது எப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது யூடியூப்பில் பத்துக் காணொளியைத் தட்டி பிளேலிஸ்ட் போடுகிற வேலை இல்லை. ஒரு கிற்றார்காரர் நாற்பது ஐம்பது வருடமாக மேடையில் வாசித்ததில் இருந்து உங்கள் காதுக்குப் பிடித்ததைப் பொறுக்கி, ஒலியைச் சமப்படுத்தி, ஒரே இருப்பில் கச்சேரி கேட்பதுபோலக் கோர்க்கிற வேலை. கொப்பித் தாளில் பாட்டு வரிசை எழுதி றெக்கோடிங் பாரில் கொடுத்து, சீ-90 கசெற்றில் அடித்து வாங்கிய ஆட்களுக்கு இது புதிதில்லை. இப்போது பாரை நடத்துகிறவரும் நீங்கள்தான், அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு ஜாஸ் கிற்றார்காரர் ஜோன் மக்லாஃப்லினை எடுக்கிறேன். அவர் இங்கிலாந்தில் யோர்க்ஷையர்க்காரர், 1942 இல் பிறந்தவர். ஆனால் இந்திய இசையையும் ஜாஸையும் கலந்து வாசித்த அவருடைய சக்தி குழுவின் முதல் வயலின்காரர் எல். சங்கர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தகப்பன் வி. லட்சுமிநாராயணா இங்கே இசை படிப்பித்தவர், 1958 கலவரத்தோடு குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. 1975 ஜூலையில் நியூயோர்க் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பதிவான சக்தியின் முதல் இசைத்தட்டை நம்மவர்கள் கேட்டால் கொஞ்சம் ஊர்ப்பாசத்தோடுதான் கேட்பார்கள். கேட்கலாம், ஆனால் தெரிவு செய்யும்போது அந்தப் பாசத்தை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள்.

என்னென்ன இருக்கிறது என்று கொப்பியில் எழுதுவதுதான் முதல் வேலை. முறையாக வெளிவந்தவையே கனக்க. 1973 ஓகஸ்டில் நியூயோர்க் சென்ரல் பார்க்கில் அவருடைய ஜாஸ்-ரொக் குழுவான மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ரா, முழுக்க மின்கிற்றார், காது கிழியும். 1980 டிசம்பர் 5 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ வார்ஃபீல்ட் தியேட்டரில் பாக்கோ டி லூசியா, அல் டி மியோலாவோடு மூன்று கிற்றார். அதற்கு அடுத்த இரவுப் பதிவு 2022 இல்தான் வெளிவந்தது. 1989 நவம்பரில் லண்டன் ரோயல் ஃபெஸ்டிவல் ஹோலில் திரிலோக் குர்ட்டு, காய் எக்ஹார்ட்டோடு மூவராக வாசித்தது. 1997 இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு மறுபடி எழுந்த சக்தி. சுவிற்சர்லாந்தின் மொன்த்ரோ ஜாஸ் விழாவில் 1974 முதல் 1999 வரை வாசித்தவை மட்டும் பதினேழு சீடி கொண்ட ஒரு பெட்டி. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற சொந்தக்காரர் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது பழைய சீடிகள் இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள், அங்கே கராஜ்களில் தூசி பிடித்துக் கிடக்கும், கொண்டுவர அவர்களுக்கும் சந்தோஷம். ஒவ்வொன்றுக்கும் திகதி, இடம், யார் யார் வாசித்தார்கள், எதிலிருந்து எடுத்தது, எத்தனை நிமிடம், இவ்வளவையும் எழுதுங்கள். மேடை என்று அட்டையில் போட்டிருந்தாலும் முழுவதும் மேடையாக இருக்காது: 1980 தட்டின் கடைசி உருப்படி ஸ்டூடியோவில் பதிவானது. எனக்கு அது ஒத்துவராது, நான் சேர்ப்பதில்லை.

கைமாறி வந்த கோப்புகளின் பெயரை நம்பவே வேண்டாம். சக்தி குழுவின் பதிவு என்றால், யார் வாசிக்கிறார் என்று காது கொடுத்தால் காலம் தானாகத் தெரியும். வயலினும் கடமும் இருந்து, பாட்டுக் குரல் பெரிதாக இல்லை என்றால் அநேகமாக 1970கள். மன்டலின் கேட்டால் யு. ஸ்ரீநிவாஸ், அவர் 2014 செப்டம்பரில் காலமானவர், ஆகவே அதற்குப் பிந்திய திகதி போட்டிருந்தால் அது பொய். கஞ்சிராவும் மன்டலினும் சேர்ந்து வந்தால் செல்வகணேஷ் இருந்த குழு. வயலினோடு சங்கர் மகாதேவனின் குரலும் கேட்டால் அது அண்மைக்கால, கணேஷ் ராஜகோபாலன் வயலின் வாசித்த குழு. எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது சாகிர் ஹுசைனின் தபேலா, அதை வைத்து ஒன்றும் பிரிக்க முடியாது.

வீட்டில் கசெற் இருக்கிறது என்றால் உடனே பிளேயரில் போட்டு ஓட்டாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும், அது பிளேயரின் ஹெட்டுக்கு ஏறி அடுத்த கசெற்றையும் கெடுக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் ஒருதரம் முன்னுக்கும் பின்னுக்கும் முழுதாகச் சுற்றிவிட்டு, ஹெட்டை ஐசோபுரோபைல் அல்கஹோலில் தோய்த்த பஞ்சால் துடைத்த பிறகு ஓட்டலாம். பிளேயரின் லைன் அவுட்டில் இருந்து கணினியின் லைன் இன்னுக்கு வயர் கொடுங்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் போனை வைத்துப் பதிவது வேண்டாம், பக்கத்துக் கோயில் லவுட்ஸ்பீக்கரும் மக்லாஃப்லினோடு சேர்ந்து வாசிக்கும். மென்பொருளுக்கு ஓடாசிட்டி போதும், காசு இல்லை. உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்துப் பதியுங்கள். மடிக்கணினி என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் ஓட்டுங்கள், அடியில் கேட்கிற ‘ம்ம்ம்’ இரைச்சலில் பெரும்பகுதி அப்போதே போய்விடும், இடையில் கரண்ட் போனாலும் பதிவு தப்பும்.

அப்படியும் இரைச்சல் மிஞ்சினால், நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அது 50, 100, 150 என்ற இடங்களில் நிற்கும். மெல்லிய நோச் வடிகட்டி போட்டு அந்த இடங்களை மட்டும் தட்டுங்கள். கிற்றாரின் அடித்தந்தி 82 ஹேர்ட்ஸ் அளவில் இருக்கிறது, தபேலாவின் இடக்கைக் கும்காரமும் அந்தப் பக்கம்தான், அகலமாக வெட்டினால் இரண்டும் சூம்பிப்போகும். நாடாவின் ‘ஸ்ஸ்’ சத்தத்தை முழுக்க எடுக்கவே கூடாது என்பது என் கட்சி. நொய்ஸ் ரிடக்ஷனை 6 டெசிபலோடு நிறுத்துங்கள். அதற்கு மேலே போனால் தந்தி அடங்குகிற இடமெல்லாம் தண்ணிக்குள் இருந்து கேட்பது போலாகிவிடும்.

அடுத்தது வேகம். கசெற் செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடவேண்டும், பழைய பிளேயர்கள் ஓடாது. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத நாட்களில் சைக்கிள் டைனமோவை மிதித்துப் பாட்டுக் கேட்ட ஊர் இது, வேகம் தவறினால் சுருதி எப்படி அலையும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதே குழுவின் அதே உருப்படி சீடியில் இருந்தால் சுருதியை ஒப்பிட்டுப் பாருங்கள். அரைச் சுரம் கூடியிருந்தால் வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூட. திருத்தும்போது சேஞ்ச் ஸ்பீட் என்பதைப் பாவியுங்கள், சேஞ்ச் பிட்ச் சுருதியை மட்டும் மாற்றி ஓட்டத்தை அப்படியே விட்டுவிடும்.

எடுத்ததையெல்லாம் தரம் குறையாமல் சுருக்குகிற ஃப்ளாக் கோப்பாகச் சேமியுங்கள். எம்பி3 ஆக வந்ததை வேவ் ஆக மாற்றினால் தரம் திரும்பி வராது, கோப்புத்தான் பெருக்கும். சந்தேகமாக இருந்தால் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று படமாகக் காட்டுகிற ஓடாசிட்டியின் ஸ்பெக்ட்ரோகிராமைப் பாருங்கள். 16 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டினாற்போல வெறுமையாக இருந்தால் அநேகமாக அது 128 கிலோபிட் எம்பி3 இல் இருந்து வந்தது, யார் என்ன சொன்னாலும்.

சரி, இனித்தான் உண்மையான வேலை. இப்போது சீடி யார் கேட்கிறார்கள் என்று கேட்பீர்கள், இருந்தாலும் ஒரு சீடியில் அடங்குகிற எண்பது நிமிடம் என்ற கட்டுப்பாட்டை வையுங்கள். கட்டுப்பாடு இல்லாவிட்டால் எல்லாம் உள்ளே வரும், பிறகு அது தொகுப்பு இல்லை, குவியல். இவருடைய மேடை வாசிப்பில் சிக்கலே நீளம்தான். சக்தியின் முதல் தட்டில் மூன்றே உருப்படிகள், அதில் ஒன்று அரை மணித்தியாலம் அளவில். 1997 பதிவில் ‘முக்தி’ என்பது ஒரு மணித்தியாலத்தையே தாண்டும், அது ஒன்றைப் போட்டால் கடை பூட்டு. எனக்குச் சரியாக வருகிற முறை இது: நடுவில் ஒரேயொரு பெரிய உருப்படி, அதைச் சுற்றி ஐந்து தொடக்கம் பத்து நிமிடத்தில் சிறியவை. கச்சேரியில் வர்ணம் பாடி, பிறகு விரித்து, தனி ஆவர்த்தனம் விட்டு, துக்கடாவில் இறங்குவது போல. வருட வரிசைப்படி அடுக்கவேண்டாம். 1973 இல் தொடங்கினால் வீட்டில் மற்றவர்கள் இரண்டாவது நிமிடமே எழும்பிப் போய்விடுவார்கள். 1980 மூன்று கிற்றாரில் தொடங்கி, நடுவில் 1975 சக்தியின் நீள உருப்படி, அதற்குப் பிறகு மின்கிற்றார் என்று வைத்தால் அதே ஆள்தானா என்று காது திரும்பும்.

ஒரே உருப்படி வேறு வேறு காலத்தில் இருந்தால் இரண்டை மட்டும் எடுங்கள். ‘லோட்டஸ் ஃபீட்’ 1975 இலும் இருக்கிறது, 1997 இலும் இருக்கிறது. முதலாவதில் வயலின், இரண்டாவதில் புல்லாங்குழல், கிற்றாரே வேறு. 1970களில் அவர் வாசித்தது தந்திகளுக்குக் குறுக்கே ஏழு சுருதித் தந்தி பூட்டி, வீணை போலத் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க விரல்பலகையைக் குழிவாகக் குடைந்த தனிக் கிற்றார். இரண்டையும் அடுத்தடுத்துப் போடாமல் ஒன்றை நடுவுக்கு முன்னும் மற்றதைக் கடைசியிலும் வையுங்கள்.

வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் தாளக் கோர்வை முடிந்து சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், விழுகிற இடத்தில் வெட்டுங்கள். தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இடம் தெரியும். நடுவில் மெல்ல மங்கவிடுவது எனக்குக் கட்டோடு பிடிக்காது. கைதட்டலையும் சுருதி சேர்ப்பதையும் கொஞ்சம் விடுங்கள், இல்லாவிட்டால் மேடை என்று எதற்கு. ஒரே மண்டபம் என்றால் கைதட்டலின் மேல் கைதட்டலாக மூன்று நாலு செக்கன் கிராஸ்ஃபேட் போடலாம். திறந்தவெளிச் சனத்தையும் மண்டபச் சனத்தையும் அப்படி ஒட்டவேண்டாம், உடனே பிடிபடும், இரண்டு செக்கன் அமைதி போதும்.

ஒலி அளவைச் சமப்படுத்தும்போது ஒவ்வொன்றையும் உச்சத்துக்கு ஏற்றாமல், சத்தமான பதிவுகளை இறக்குங்கள். தொகுப்பிலேயே மெதுவான உருப்படி எதுவோ அதுதான் அளவுகோல். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை நசுக்குகிற கம்பிரசர் பக்கம் போகாதீர்கள். முடித்ததும் ஒருதரம் ஹெட்போனில், ஒருதரம் வீட்டு ஸ்பீக்கரில், ஒருதரம் வாகனத்தில் கேளுங்கள். வாகனத்தில் தபேலா மறைந்தால் பரவாயில்லை, கிற்றார் மறைந்தால் திரும்ப அளவெடுங்கள்.

பெயர் போடும்போது கோப்புக்கு முன்னால் 01, 02 என்று எண் வையுங்கள். பல வாகனப் பிளேயர்கள் தமிழ் எழுத்தைப் பெட்டி பெட்டியாகக் காட்டும் என்பதால் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்திலும், உள்விவரத்தைத் தமிழிலும் வைக்கலாம். யார், எங்கே, எப்போது என்று ஒரு தாளில் அடித்து கூடவே வையுங்கள், கேட்கிறவர்களில் பாதிப்பேர் அதைத்தான் முதலில் வாசிப்பார்கள். வீட்டுக்கும் நெருங்கிய சிநேகிதருக்கும் என்பதோடு நிறுத்துங்கள். விற்பது, இணையத்தில் ஏற்றுவது இரண்டும் வேண்டாம், 2003 ஆம் ஆண்டின் புலமைச்சொத்துச் சட்டம் இலங்கையிலும் இருக்கிறது. ஃப்ளாக் பிரதி ஒன்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வேறொரு வீட்டில் வையுங்கள், பென் டிரைவை மட்டும் நம்பவேண்டாம்.