வீட்டிலேயே பஜனைப் பாடல் பதிவு செய்ய

பஜனைப் பாடல்களை வீட்டில் பதிவு செய்ய நினைப்பவர்கள் முதலில் விலை உயர்ந்த மைக்கைத் தேடுகிறார்கள். அதற்கு முன் அறையைக் கவனியுங்கள். கை தட்டிப் பாருங்கள்; சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் கனமான திரை, ஜமுக்காளம், துணி நிறைந்த அலமாரி என்று எதையாவது போட்டு அடக்குங்கள். அது சரியாகாத அறையில் மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் வேண்டாம், எதிரொலியையும் சேர்த்துப் பிடிக்கும். அருகில் வரும் சத்தத்தையே பெரிதும் பிடிக்கும் டைனமிக் மைக்கே போதும். கண்டென்சர்தான் வேண்டுமென்றால், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் பெரும்பாலும் 48 வோல்ட் ஃபான்டம் பவர் (கேபிள் வழியே மைக்குக்குச் செல்லும் மின்சாரம்) இருக்க வேண்டும்.

சுருதிதான் உயிர். தம்புரா செயலியை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டுப் பாடாதீர்கள், அது குரலோடு கலந்து மைக்கில் ஏறிவிடும். பிறகு சுத்தமாகப் பிரிப்பது கடினம். காதை மூடும் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு பாடுங்கள். ஹார்மோனியம் உண்டென்றால் அதன் சுருதியை நினைத்தபடி மாற்ற முடியாது. அதனால் தம்புராவைத்தான் அதற்கேற்ப நுணுக்கமாகச் சேர்க்க வேண்டும். ஹார்மோனியத்தின் துருத்திப் பக்கம் மைக்கை வைத்தால் காற்றுச் சத்தம் விழும், கட்டைகளுக்கு மேலே சற்றுத் தள்ளி வையுங்கள்.

அப்புறம் ஜால்ரா. குரலோடு சேர்த்து எடுத்தால் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். கடைசியில் தனி டிராக்கில் (தனிப் பதிவாக), மைக்கிலிருந்து நாலைந்து அடி தள்ளி நின்று தட்டுங்கள்.

பதிவு மென்பொருளின் அமைப்பில் 24 பிட்டைத் தேர்ந்து, அதன் ஒலி அளவுமானியில் உச்ச ஒலி மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். நாமாவளி உச்சஸ்தாயிக்குப் போகும்போது பதிவில் குரல் சிதைந்து கரகரக்காது.