லுஷோட்டோ போகிறீர்களா? மொம்போவில் இறங்கித் தொடங்குங்கள்

தான்சானியாவின் லுஷோட்டோ மாவட்டத்தைப் புரிந்துகொள்ள நினைத்தால் நேராக மலை ஏறிவிடாதீர்கள், அடிவாரத்து மொம்போவில் கொஞ்சம் நில்லுங்கள். கீழே வெயிலும் சிசல் கற்றாழையும்தான். வளைந்து வளைந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம் ஏறினால், சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் ஸ்வெட்டர் தேடுவீர்கள். இந்தியப் பெருங்கடலில் இருந்து வரும் ஈரக்காற்றை உசம்பரா மலை தடுத்து மழையாக வாங்கிக்கொள்வதால்தான் அங்கே முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு, பிளம்ஸ் எல்லாம் விளைந்து தார் எஸ் சலாம் சந்தைக்கு லாரி ஏறுகின்றன.

அப்புறம் வயலுக்குப் போங்கள். செங்குத்துச் சரிவில் துண்டு துண்டாக நிலம், வாழை நிழலில் காபி, இடையில் பீன்ஸ். மார்ச் முதல் மே வரை பெருமழை, மண்பாதை வழுக்கும், அப்போது வேண்டாம்.

இங்குள்ளவர்கள் பெரும்பாலும் சம்பா மக்கள். பெரியவர்களைப் பார்த்ததும் விளைச்சல், விலை என்று ஆரம்பிக்காமல் முதலில் 'ஷிகமோ' என்று மரியாதையாக வணக்கம் சொல்லுங்கள், 'மரஹபா' என்று பதில் வந்த பிறகு பேச்சைத் தொடரலாம்.

பஸ் நேரம் கேட்கும்போது மட்டும் கவனம். இங்கே பேசும் சுவாஹிலி மொழியில் மணியை விடியலில் இருந்து எண்ணுவார்கள், 'சா மோஜா', அதாவது ஒரு மணி, என்றால் காலை 7. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாக வந்து நின்றால் பஸ் போய் ஆறு மணி நேரம் ஆகியிருக்கும்.